அரைவேக்காட்டு ஜாதகம்

எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் ஜாதகம் கிடையாது. ஞானஸ்நானச் சீட்டு உண்டு, பள்ளிக்கூடச் சான்றிதழ் உண்டு, அம்மை குத்திய அட்டைகூட உண்டு. ஜாதகம் மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற, சாயங்காலம் ஏழு மணியானால் ஜெபத்துக்கு உட்காருகிற குடும்பம். அப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு, தேனி பஜாரில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் ஜாதகம் விற்ற பெருமை என் தாய்மாமாவைச் சேரும். அந்தப் பெருமையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் வாய் திறந்ததில்லை. வெட்கம்தான் காரணம்.

எண்பதுகளின் கடைசி அது. எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவுக்கு மூணாறு பக்கம் எஸ்டேட்டில் வேலை, மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். நானும் அம்மாவும் மாமா வீட்டில் இருந்தோம். மாமாவின் கடையில் ரேடியோ, சுவர்க் கடிகாரம், கால்குலேட்டர், டார்ச் லைட் என்று எல்லாம் இருக்கும். விற்பதில் அவருக்கு இருந்த சந்தோஷம் வாங்க வந்தவர்களையும் தொற்றிக்கொள்ளும். கடிகாரம் வாங்க வந்தவர் ரேடியோவையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, போகும்போது மாமாவுக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போவார். எனக்கு மாமாவை ரொம்பப் பிடிக்கும். இதைச் சொல்லிவிட்டு மேலே போவதுதான் நியாயம்.

மாமா மதுரைக்குப் போய் ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கினார். கடையில் ஒன்றை வைத்துக் காட்டினால் போடி ஏலக்காய் வியாபாரிகள் ஆளுக்கொன்று கேட்டு வருவார்கள் என்பது அவர் நினைப்பு. அவர்களும் பார்க்க வந்தார்கள். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று மாமா போட்டிருந்த சட்டப்படி, அதற்கென்று கடைக்குள் தடுத்திருந்த கண்ணாடி அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கைகட்டி நின்றார்கள். ஏலக்காயை இரண்டு விரலால் நசுக்கி மோந்தே தரம் சொல்லுகிற ஆட்கள். மூக்கு செய்கிற வேலையை இது செய்யுமா என்று ஒருவர் கேட்டார். காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு ஆறு மாதம் அது உறை போட்டபடியே உட்கார்ந்திருந்தது. மாமா சாப்பாட்டு நேரத்தில் பேசுவது குறைந்துவிட்டது.

அப்போதுதான், கடையில் கம்ப்யூட்டர் இருப்பதைக் கேள்விப்பட்டு மதுரையிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் வந்தார். கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். ஒல்லியாக இருப்பார், பேசும்போது எதிராளியின் சட்டைப் பொத்தானைப் பார்த்துத்தான் பேசுவார். ஓய்வு நேரத்தில் கம்ப்யூட்டரில் ஜாதகம் கணிக்க ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் கொடுத்தால் ராசி, நட்சத்திரம், கட்டம், பலன் எல்லாம் தமிழில் அச்சாகி வரும். ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. ஊர்ப்பக்கம் நாலைந்து ஜோசியர்களிடம் காட்டி, எங்கே தப்பு வருகிறது என்று எழுதி அனுப்பினால் உதவியாக இருக்கும் என்று மாமாவிடம் கேட்டுக்கொண்டார். ஒரு ஃபிளாப்பியையும், கோடு போட்ட தாளில் கைப்பட எழுதிய பட்டியல் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார். எதெல்லாம் இன்னும் முடியவில்லை என்பதுதான் அந்தப் பட்டியல். பதினோரு விஷயம் இருந்தது.

பொட்டலம் கட்டி வந்த தாளைக்கூட விடாமல் படிக்கிற வயது எனக்கு. அதையும் படித்தேன். பாதிக்கு மேல் புரியவில்லை. ஏழாவதாக இப்படி எழுதியிருந்தார்: நள்ளிரவுக்குப் பின், சூரிய உதயத்துக்கு முன் பிறந்தவர்களுக்குக் கிழமையைக் கேட்கும் பகுதி இன்னும் எழுதவில்லை; அந்த நேரத்தில் பிறந்தவர்களுக்கு இப்போதைக்குப் போட வேண்டாம். ‘வேண்டாம்’ என்பதற்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார்.

மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“வீடு கட்டி முடிஞ்சிருச்சுத்தா. வெள்ளையடிக்கத்தான் பாக்கி. வெள்ளையடிக்கலன்னு யாராச்சும் வெளிய போயிப் படுக்குறாகளா?” என்றார். தாளை நாலாக மடித்து மேஜை இழுப்பறைக்குள் போட்டார். எனக்கும் அது சரியான பதிலாகத்தான் பட்டது.

மேல்மாடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. அங்கே சொல்லிக்கொடுத்த அக்கா ஓடைப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். வயது இருபத்து நாலு. அவளுடைய அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். சீசனில் ஒரு தூக்குவாளி நிறையப் பழம் எனக்கென்று கொண்டுவருவாள். வீட்டில் அவள் நாலாவது பெண். முதல் பெண்ணுக்கு ஜாதகத்தைப் பட்டுத் துணியில் சுற்றி வைத்தார்களாம், இரண்டாவதுக்கு நோட்டில் எழுதினார்களாம், நாலாவதுக்கு எழுதவே மறந்துவிட்டார்களாம். இதைச் சொல்லி அவளே சிரிப்பாள். அந்தக் கோடை விடுமுறையில் எனக்குக் காசு வாங்காமல் டைப் அடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். என் விரல்கள் நன்றாக ஓடுகின்றன என்று அவள் ஒரு நாள் கடையில் வந்து சொன்னதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

மாமா என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார். கண்ணாடி அறைக்குள் என் உயரத்துக்குத் தோதாக நாற்காலியில் இரண்டு தலையணை வேறு. வருகிறவர்களிடம், “ஏழாவது படிக்கிற பிள்ள. இதே போடுதுன்னா உங்களுக்கென்ன கஷ்டம்?” என்பார். நான் திரும்பிப் பார்க்காமல் கடகடவென்று அடிப்பேன். பிரிண்டர் கிர்ரென்று இழுத்து இழுத்துக் கட்டம் போடும். வந்தவர்கள் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஆனால் புரோகிராமைத் தொடங்கியதும், இது சோதனைக்கான பிரதி, விற்பனைக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் திரை முழுக்க வரும். வாத்தியார் அப்படி எழுதிவைத்திருந்தார். சும்மா விட்டால் பத்து எண்ணுகிறவரை நிற்கும், எண்டரைத் தட்டினால் உடனே போய்விடும். யாரும் படிப்பதற்குள் தட்டிவிடுவதுதான் என் முக்கியமான வேலை. அந்த நேரம் பார்த்து மாமா வெளியே எதையாவது காட்டிப் பேசுவார், அல்லது ஃபேன் சுவிட்சைப் போடச் சொல்வார். கண் சிமிட்டுவதற்குள் தட்டிவிடுவேன். ஃபிளாப்பிகளுக்கு லேபிள் எழுதியதும் நான்தான். ‘முழுமையான இறுதிப் பதிப்பு’ என்று பச்சை மையில், முத்துமுத்தாக. ஒரு லேபிளில் ‘ப’ கோணலாக விழுந்துவிட்டது என்று கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அவ்வளவு சிரத்தை.

போடியில் ஒரு அச்சுக்கூடக்காரர் வாங்கினார். உத்தமபாளையத்தில் ஒரு ஜோசியர் வாங்கினார். கம்பத்தில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்த ஒருவர், குமுளிப் பக்கத்துக்காரர்களுக்கு மலையாளத்தில் வருமா என்று கேட்டார். அடுத்த மாதம் வந்துவிடும் என்று மாமா கூசாமல் சொன்னார். அவரும் வாங்கினார். எல்லோரும் கம்ப்யூட்டரோடு சேர்த்துத்தான் வாங்கினார்கள். மாமா மறுபடியும் சாப்பாட்டு நேரத்தில் கதை சொல்ல ஆரம்பித்தார். ஜாதகம் பார்ப்பது பாவம் என்று போதகர் சொல்கிறாரே என்று அம்மா மட்டும் ஒரு நாள் முனகினாள். பார்ப்பதுதானே பாவம், நாம் விற்கத்தானே செய்கிறோம் என்றார் மாமா. அம்மா குழம்பு ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போனாள். இன்று பெரிய பெரிய கம்பெனிகளே பாதி வெந்ததை இறக்கி வைத்துவிட்டு, மீதியைப் பிறகு அனுப்புகிறோம் என்கின்றன. மாமா அந்த வகையில் கொஞ்சம் முந்திப் பிறந்துவிட்டார்.

வைகாசியில் அக்காவுக்குச் சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளைக்குப் போடியில் பாங்கு வேலை. பெண் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள், இரண்டு பக்கமும் பிடித்துப்போயிற்று. கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போகலாம் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். அக்காவுக்கு அதுதான் பெரிய விஷயம். போடியிலேயே சொந்தமாக ஒரு இன்ஸ்டிடியூட் வைக்கலாம் என்று அவளுக்கு ஓர் எண்ணம் இருந்தது. ஆறு மெஷின் போதும், மெயின் ரோட்டில் இடம் பார்க்க வேண்டும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. ஜாதகம் மட்டும்தான் பாக்கி. பெண்ணுக்கு ஜாதகமே எழுதவில்லை என்றதும், மாப்பிள்ளையின் பெரியப்பா, அதனால் என்ன, கம்ப்யூட்டரில் போட்டுவிடலாம் என்றாராம். ஜோசியர்கள் காசுக்கு மாற்றிச் சொல்வார்கள், மெஷின் சொல்லாது என்பது அவருடைய கட்சி.

ஆக, ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு இரண்டு வீட்டாரும் எங்கள் கடைக்கு வந்தார்கள். கண்ணாடி அறைக்கு வெளியே ஏழெட்டு ஜோடிச் செருப்பு. மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சு வலிக்காரி என்பதால் அவருக்கு நாற்காலி போடப்பட்டது. அக்காவும் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கல்யாணப் பெண் அங்கே நிற்கக் கூடாதுதான். ஆனால் அவள் என் டைப்ரைட்டிங் டீச்சர் என்ற முறையில் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். என் தோளில் கை வைத்திருந்தாள். கை கொஞ்சம் ஈரமாக இருந்தது.

பிறந்த நேரத்தை மாமா கேட்டார். அக்காவின் அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: “வெள்ளிக்கெழம ராத்திரி. விடிஞ்சாச் சனி. கோழி கூப்புட்ட நேரம்.”

அக்காவின் அப்பா சட்டைப்பையிலிருந்து, மடித்து மடித்துப் பழுத்துப்போன ஒரு தாளை எடுத்தார். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள். ஜாதகம் எழுத மறந்தவர், மகள் பிறந்தபோது சுவரில் தொங்கிய தாளை மட்டும் கிழித்துப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். பின்பக்கத்தில் ‘4 மணி, பெண்’ என்று பென்சிலில் எழுதியிருந்தது. முன்பக்கத்தில் வெள்ளிக்கிழமைத் தேதி.

அந்தத் தாளைப் பார்த்துத் தேதியை அடித்தேன். அடுத்து நேரம். நாலு, முற்பகல் என்று அடித்தேன். அப்போது எனக்கு அந்த ஏழாவது விஷயம் ஞாபகம் வந்தது. சூரிய உதயத்துக்கு முன். இரண்டு கோடு இழுத்த ‘வேண்டாம்’. அதில் என்ன தப்பு வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் போட வேண்டாம் என்று எழுதியிருந்தது தெரியும். கை நின்றுவிட்டது. நிமிர்ந்து மாமாவைப் பார்த்தேன். அவர் பெரியப்பாவின் தோளுக்குப் பின்னால், கடைச் சிரிப்போடு நின்றுகொண்டிருந்தார். சிரிப்பு மாறாமலே, “ம், போடுத்தா” என்றார்.

நான் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இத்தனை பேர் முன்னால் எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வேண்டுமே என்பதுதான் அப்போது என் மனதில் இருந்தது. மாமாவுக்குப் பயந்தேன் என்று பின்னாளில் எனக்கு நானே பல தடவை சமாதானம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் பயம் கால்வாசிதான் இருக்கும். மீதியெல்லாம் கெட்டிக்காரப் பிள்ளை என்ற பேர் போய்விடுமே என்கிற கவலை. எண்டரைத் தட்டினேன்.

பிரிண்டர் ஓடியது. பெரியப்பா தாளைக் கிழித்து எடுத்து உரக்கப் படித்தார். கடக ராசி. ஆயில்ய நட்சத்திரம்.

ஜாதகம் இல்லாத வீட்டுப் பிள்ளையான எனக்கு, எதனால் எல்லோரும் நாற்காலியில் இருந்த மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்க்கிறார்கள் என்று புரியவில்லை. ஆயில்யத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை இருப்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அந்த அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாமே என்று அக்காவின் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். போட்டேன். அதே ஆயில்யம். இரண்டு தடவையும் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி வந்ததைப் பெரியப்பா மெச்சிக்கொண்டார். வீட்டில் கலந்து பேசிச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தார்கள். மாமா வரவழைத்திருந்த காப்பி அப்படியே ஆறிப்போயிற்று. என் தோளில் இருந்த கை எப்போது எடுக்கப்பட்டது என்று கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது அக்கா மாடிக்குப் போயிருந்தாள்.

ஒரு வாரத்தில் பதில் வந்தது. வேண்டாமாம். அடுத்து சின்னமனூரிலிருந்து வந்த சம்பந்தம், ஆயில்யமா என்று வாசலிலேயே கேட்டுவிட்டுத் திரும்பிப் போயிற்று. அக்கா எப்போதும் போல வேலைக்கு வந்தாள். நான் மாடிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

ஆடி மாதம் வாத்தியார் வந்து நின்றார். போடியில் அச்சுக்கூட வாசலில் ‘கம்ப்யூட்டர் ஜாதகம்’ என்று போர்டு தொங்குவதைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் பார்த்தால் அவருடைய புரோகிராம். என் பச்சை மை லேபிளோடு. சத்தம் போடத் தெரியாத மனிதர். மேல்மூச்சு வாங்க உட்கார்ந்துகொண்டு, “விக்கிறதுக்கு இல்லன்னு ஸ்க்ரீன்லயே எழுதியிருந்தேனே சார். பாக்கலையா?” என்று மட்டும் கேட்டார்.

மாமா என் பக்கம் திரும்பினார். தபால்காரர் வந்தாரா என்று கேட்பதுபோல, “பாப்பாதான் ஓட்டுது. ஏத்தா, அப்படி எதுவும் வந்துச்சா?” என்றார்.

“வரலையே” என்றேன்.

வாத்தியார் என் முகத்தைப் பார்த்தார். பிள்ளை பொய் சொல்லாது என்று நினைக்கிற ஜாதி அவர். அன்று மத்தியானம் முழுவதும் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, அந்த எச்சரிக்கை ஏன் வராமல் போயிற்று என்று தேடினார். அவர் போடும்போதெல்லாம் அது வந்தது. கரண்ட் ஏறி இறங்குவதால் இருக்குமோ, பிரதி எடுக்கும்போது விட்டுப்போயிருக்குமோ என்று தனக்குத் தானே பேசிக்கொண்டு, ஒரு தாளில் எழுதி எழுதி அடித்தார். இல்லாத தப்பை அவர் தேடுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு எழுந்து வந்து, தப்பு தன் பேரில்தான் இருக்க வேண்டும், அவசரப்பட்டுக் கேட்டுவிட்டேன் என்று மாமாவிடம் மன்னிப்புக் கேட்டார். மாமா பெருந்தன்மையாக மன்னித்தார். மட்டன் குழம்போடு சாப்பாடு போட்டார். வேலை முடிந்த புதிய பிரதியை, வாங்கியவர்கள் எல்லோருக்கும் சும்மாவே கொடுத்துவிடுவதாக வாத்தியார் ஒப்புக்கொண்டார்.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வந்தவரிடம், சூரிய உதயத்துக்கு முன் என்று எழுதியிருந்தீர்களே, அது என்ன என்று கேட்டேன். ஒரு பிள்ளை கேட்கிறதே என்று அவருக்கு ஒரே சந்தோஷம். கடிகாரத்துக்கு ராத்திரி பன்னிரண்டோடு நாள் மாறிவிடுகிறது, நம் ஜனங்களுக்குப் பொழுது விடிந்தால்தான் மாறுகிறது, வெள்ளிக்கிழமை ராத்திரி நாலு மணி என்று அவர்கள் சொன்னால் கம்ப்யூட்டருக்கு அது சனிக்கிழமை என்றார். அதைக் கேட்காமல் வெள்ளிக்கிழமைத் தேதியைப் போட்டால் ஒரு நாள் முன்னால் போய்விடும், நட்சத்திரமே மாறிவிடும் என்றார். எனக்குக் காலண்டர் தாள் ஞாபகம் வந்தது. விடியாமல் யார் தாளைக் கிழிப்பார்கள்? அக்கா பிறந்தபோது சுவரில் வெள்ளிக்கிழமைதான் தொங்கியிருக்கும். விடிந்தால் சனி என்று அவளுடைய அம்மா வாய்விட்டுச் சொல்லவும் சொன்னார். அதைப் போட அந்தப் புரோகிராமில் இடம்தான் இல்லை.

அவர் கிளம்புவதற்கு முன், கையோடு கொண்டுவந்திருந்த புதிய பிரதியில் அக்காவுக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு மணி என்று அடித்ததுமே, விடிந்தால் என்ன கிழமை என்று அது கேட்டது. சனி என்றேன். சிம்ம ராசி, மக நட்சத்திரம் என்று வந்தது. பின்னால் நின்று பார்த்த வாத்தியார், “மகமா? மலையாளத்துக்காரவுகன்னா மகம் பிறந்த மங்கைன்னு கொண்டாடுவாக. யாரு பாப்பா இது?” என்றார்.

“சும்மா போட்டுப் பாத்தேன்” என்றேன்.

அன்று சாயங்காலம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அக்கா மெஷின்களுக்கு ஒவ்வொன்றாக உறை போட்டுக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் அன்றைக்குத் தப்பாகப் போட்டுவிட்டது, இதுதான் சரியானது என்று சொல்லி நீட்டினேன். சொல்லும்போதே எனக்குப் பாரம் இறங்கியதுபோல இருந்தது. அவள் ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு தடவை படித்தாள். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“நாலுன்னு அடிச்சுட்டு உன் கை நின்னுச்சே பாப்பா. ஏன்?”

நான் பக்கத்து மெஷினின் உறையை இழுத்துவிட்டேன். உனக்கு அப்போதே தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்று தலையாட்டினேன். அவள் கோபமாகக் கேட்கவில்லை. தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

“ஒரு ஒத்தாச செய்யிறியா? ஞாயித்துக்கெழம அப்பா போடிக்குப் போவாக. நீயும் கூட வா. மொதல்ல போட்டது தப்புன்னு அவுக வீட்டுல ஒரு வார்த்த சொல்லு. நீதான போட்ட. நீ சொன்னா நம்புவாக.”

“ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போகணும்க்கா” என்றேன். அது போதாது என்று தோன்றி, “மாமா வைவாக” என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். மறுபடி ஒரு தடவை கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பேனா தெரியாது.

“சரி, போ. பொழுது சாஞ்சிருச்சு” என்றாள்.

அவளுடைய அப்பா தனியாகத்தான் போனார். இரண்டு தாளையும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். பெரியப்பா பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம். ஒரே கடை, ஒரே மெஷின், ஒரே பெண், இரண்டு நட்சத்திரம். காசு கொடுத்தால் நட்சத்திரம்கூட மாறுமோ என்று கேட்டுச் சிரித்தாராம். ஆயில்யக்காரி என்ற பேரோடு, ஜாதகத்தைத் திருத்தினவர்கள் என்ற பேரும் சேர்ந்துகொண்டது. அடுத்த வருஷம் அக்கா இன்ஸ்டிடியூட்டிலிருந்து நின்றுவிட்டாள். முப்பது தாண்டி, இரண்டாம் தாரமாக, கரூர்ப் பக்கம் எங்கேயோ கட்டிக்கொடுத்தார்கள். இதையெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகு, ஏதோ பேச்சுவாக்கில் அம்மா சொன்னாள். போடிக்கு நான் கூடப் போயிருந்தால் அந்தக் கல்யாணம் நடந்திருக்கும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் மெஷின் தப்பு என்று சொல்ல அந்த மாவட்டத்திலேயே அவளுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

அன்று மாடியிலிருந்து இறங்கிய பன்னிரண்டு வயதுக்காரிக்கு இது எதுவும் தெரியவில்லை. அக்கா திட்டவில்லை, அழவில்லை, தாளை வாங்கிக்கொண்டாள், சரி போ என்று சொல்லிவிட்டாள். விஷயம் முடிந்தது என்று நினைத்து இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினேன். ஏழு மணிக்கு ஜெபம். எங்கள் வீட்டில் ஆளுக்கொரு ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். என் முறை வந்தபோது, நான் செய்த ஒரு தப்பைச் சரிசெய்ய உதவி செய்ததற்காக ஆண்டவருக்கு நன்றி என்றேன். மனதார நம்பித்தான் சொன்னேன். என்ன தப்பு என்று அம்மா கேட்கவில்லை. மாமா கண்களை மூடியபடியே, எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னார்.